ஆஸ்போர்ன் 1: 1,795 டாலருக்கு எதைக் கொடுத்தார்கள், எதில் குறைவைத்தார்கள்

பழைய கணினி சேர்ப்பவர்கள் தேடி வாங்கும் பெட்டிகளில், கையில் தூக்கிப்போகும்படி செய்த ஆஸ்போர்ன் 1 கணினிக்குத் தனி இடம் உண்டு. 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேர் கண்காட்சியில் இது முதன்முதலாக மேசைக்கு வந்தது. செய்த நிறுவனம் 1983 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. இடைப்பட்ட காலம் இரண்டரை ஆண்டுகூட இல்லை.

"அடுத்த மாடல் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கெட்டார்கள்." இந்த நிறுவனத்தைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது இந்த ஒற்றை வரிதான். பெட்டியைத் திறந்து, ஃபிளாப்பி போட்டு, வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து நிரலில் பத்துப் பதினைந்து பக்கம் அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வரி போதாது. நிறுவனம் ஏன் அவ்வளவு வேகமாக ஏறியது, ஏன் அவ்வளவு வேகமாக இறங்கியது என்பதில் பாதி விடை இந்தத் திரையிலும் இந்த இரண்டு டிரைவ்களிலும் இருக்கிறது. அதனால் முதலில் பொருளைப் பார்ப்போம்.

பெட்டி

மூடியிருக்கும்போது தையல் மெஷினைப் பெட்டியோடு தூக்கிவந்த மாதிரி இருக்கும். அகலம் சுமார் அரை மீட்டர், எடை சுமார் 11 கிலோ. 10 கிலோ அரிசிப் பையைவிடக் கொஞ்சம் கனம். விமானத்தில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்பதைச் சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் விடுவித்தால் மூடி கழன்று வருகிறது. மூடியின் உட்புறமே கீபோர்டு. அதில் 69 விசைகள், வலப்பக்கம் எண்களுக்குத் தனிக் கட்டம். பெட்டியின் முகப்பில் நடுவே 5 அங்குலப் படக்குழாய், அதன் இருபுறமும் ஒவ்வொரு ஃபிளாப்பி டிரைவ், டிரைவ்களுக்குக் கீழே வட்டுகளைச் செருகிவைக்கப் பைகள் போல இரண்டு அறைகள். இந்த அறைகளை வடிவமைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். எழுதும் வட்டு, நிரல் வட்டு, நகல் வட்டு எல்லாம் கணினியோடேயே பயணம் போகின்றன.

உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் இசட்-80ஏ பிராசசர், 64 கிலோபைட் மெமரி, சிபி/எம் 2.2 இயக்கமுறை. முகப்பின் கீழ்ப்பகுதியில் ஆர்.எஸ்.-232 சீரியல் துளை, மோடத்துக்கு ஒன்று, ஐ-ட்ரிபிள்-ஈ 488 துளை ஒன்று. இந்த 488 துளையை மென்பொருள் அமைப்பால் சென்ட்ரானிக்ஸ் பிரிண்டர் துளையாகவும் பயன்படுத்தலாம். பேட்டரி கிடையாது, வெளியிலிருந்து இணைக்க ஒரு துளை மட்டும் உண்டு. ஆக, இது எங்கும் தூக்கிப்போகலாம் என்ற வகைதான், எங்கும் ஓட்டலாம் என்ற வகை அல்ல. சுவரில் மின்சாரம் வேண்டும்.

வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். கணினி ஆர்வலர்களின் சங்கமான ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்பில் முக்கியமானவர். அதற்கு முன் ப்ராசசர் டெக்னாலஜி நிறுவனத்துக்காக சோல்-20 கணினியை வடிவமைத்தவர். அவர் கை இங்கே தெரிகிறது. கிடைக்க அரிதான தனிச் சிப்பு எதையும் நம்பியிருக்காமல், திரைச் சுற்றைச் சாதாரண டி.டி.எல். சிப்புகளால் கட்டியிருக்கிறார். நாற்பது ஆண்டு கழித்தும் இந்தப் போர்டைப் பழுதுபார்க்க முடிவதற்கு அதுவே பெரிய காரணம்.

திரை: 52 எழுத்து

இந்தப் பெட்டியோடு ஒருவர் சண்டை போடுவதும் சமாதானமாவதும் இந்த இடத்தில்தான்.

திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்து, மொத்தம் 24 வரி. மெமரியில் இருப்பதோ 128 எழுத்து அகலமும் 32 வரி உயரமும் கொண்ட பெரிய பக்கம். அதற்கு மெமரியின் மேல்முனையில் 4 கிலோபைட் ஒதுக்கியிருக்கிறார்கள். 5 அங்குலக் குழாயில் 80 எழுத்தை நெருக்கினால் படிக்க முடியாது என்பதால், பெரிய பக்கத்தின் மேல் ஒரு சிறிய ஜன்னலை நகர்த்தும் முறையைப் பிடித்தார்கள். கண்ட்ரோல் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் நகரும். எழுதிக்கொண்டே போகும்போது கர்சர் ஓரத்தைத் தாண்டினால் ஜன்னல் தானாகவும் பின்தொடரும்.

எழுத்துகள் கூர்மையானவை. அரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு இதமாகவே இருக்கிறது. பலர் நினைப்பதுபோல் பூதக்கண்ணாடி தேவையில்லை. சிக்கல் எழுத்தின் அளவில் இல்லை, வரியின் நீளத்தில் இருக்கிறது. வேர்ட்ஸ்டார் வழக்கமாக வைத்துக்கொள்ளும் வலது ஓரம் 65. ஒவ்வொரு வரி முடிவிலும் ஜன்னல் வலப்பக்கம் சறுக்கி, அடுத்த வரி தொடங்கும்போது இடப்பக்கம் திரும்பும். அரை மணி நேரத்தில் தலை சுற்றும்.

அதற்கு ஒரு வழி உண்டு. எழுதத் தொடங்குமுன் கண்ட்ரோல்-ஓ, ஆர் அழுத்தி வலது ஓரத்தை 50 என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் அசையாது. எழுதி முடித்தபின் ஓரத்தை 65-க்கு மாற்றி, கோப்பின் தொடக்கத்துக்குப் போய், பத்தி பத்தியாகக் கண்ட்ரோல்-பி (B) அழுத்தினால் வரிகள் புதிய அகலத்துக்கு அடுக்கிக்கொள்ளும். அட்டவணை இருக்கும் இடத்தில் மட்டும் கண்ட்ரோல்-பி போடாதீர்கள், வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இப்படிப் பழகினால் கட்டுரை, கடிதம், அறிக்கை எழுதுவதற்கு 52 எழுத்துத் திரை உண்மையிலேயே போதும்.

கணக்கு அட்டவணை நிரலான சூப்பர்கால்க்கில் கதை வேறு. நெடுவரிசை ஒவ்வொன்றும் 9 எழுத்து அகலம் என்றால் ஒரே பார்வையில் ஐந்து நெடுவரிசைதான் விழும். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை போடும் வரவுசெலவுக் கணக்கை ஜன்னலை இழுத்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். சிறு கடைக் கணக்குக்கு இது எரிச்சல். பெரிய கணக்குக்கு இது தடை. வாங்கியவர்களில் பெரும் பங்கினர் வணிகர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்-பேக் என்ற பெயரில் 80, 104 எழுத்துகளைக் காட்டும் கூடுதல் போர்டு பின்னால் வந்தது. அது பொருத்திய பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். 80 எழுத்தைத் தாராளமாகப் படிக்க வெளித்திரை இணைத்துக்கொள்வது நல்லது.

டிரைவ்: 90 கிலோபைட்

திரையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நம் கருத்தில் டிரைவ்தான் இதைவிடப் பெரிய குறை.

முதல் பெட்டிகளில் வந்தவை ஒருபக்க, ஒற்றை அடர்த்தி டிரைவ்கள். 40 தடம், தடத்துக்கு 10 பகுதி, பகுதிக்கு 256 பைட். பெருக்கினால் 1,02,400 பைட். முதல் 3 தடங்களை இயக்கமுறை எடுத்துக்கொள்கிறது, கோப்புப் பட்டியலுக்கு 2 கிலோபைட் போகிறது. உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 90 கிலோபைட்.

வேர்ட்ஸ்டாரும் அதன் துணைக் கோப்புகளும் ஏ டிரைவில் உள்ள வட்டைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். எழுதுவதெல்லாம் பி டிரைவில்தான். அங்கே 90 கிலோபைட் இருக்கிறதே என்று 60 கிலோபைட்டுக்கு ஓர் அத்தியாயம் அடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். வேர்ட்ஸ்டார் பழைய கோப்பை அழிக்காமல் புதியதைப் பக்கத்திலேயே எழுதும்; பழையது காப்பு நகலாக நிற்கும்; நடுவில் தற்காலிகக் கோப்பும் உருவாகும். ஆகவே ஒரு கோப்பு வட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 25 கிலோபைட் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பக்கம் ஒன்றுக்கு 2 கிலோபைட் என்றால் 12 பக்கம். அதற்கு மேல் போனால் கோப்பைப் பிரித்துவிட வேண்டும்.

தவறி "வட்டு நிரம்பிவிட்டது" என்ற செய்தி வந்தால் மெஷினை அணைக்காதீர்கள், வட்டை மாற்றவும் கூடாது. கண்ட்ரோல்-கே, ஜே அழுத்தினால் ஆவணத்துக்குள் இருந்தபடியே வேறு ஒரு கோப்பை அழிக்கலாம். பழைய காப்பு நகல் ஒன்றை அழித்து இடம் உண்டாக்கிச் சேமித்துவிடலாம். இதைத் தெரியாமல் பக்கம் பக்கமாக இழந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்திருப்பார்கள்.

இன்னொரு பொறி சிபி/எம் உடையது. வட்டை மாற்றியதும் கண்ட்ரோல்-சி அழுத்த வேண்டும். அழுத்தாமல் எழுத முயன்றால் அந்த டிரைவ் படிக்க மட்டும் என்று, 'பிடாஸ்' எனத் தொடங்கும் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். வட்டு கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கியவர்கள் பதறுவது இங்கேதான். உண்மையில் அது உங்கள் தரவைக் காப்பாற்றுகிறது: மாற்றிய வட்டின் மேல் பழைய வட்டின் பட்டியலை எழுதிவிடாமல் தடுக்கிறது.

இரட்டை அடர்த்தி வசதி பின்னால் வந்தது. 40 தடம், தடத்துக்கு 5 பகுதி, பகுதிக்கு 1,024 பைட். ஏறத்தாழ 200 கிலோபைட். வேர்ட்ஸ்டாரையும் சில கருவிகளையும் ஒரே வட்டில் வைத்து மூச்சு விடலாம். இது முதல் நாளே கொடுத்திருக்க வேண்டிய வசதி.

மென்பொருள்

இங்கே ஆஸ்போர்ன் எல்லோரையும் அடித்துவிட்டார்கள். 1,795 டாலருக்குள்ளேயே சிபி/எம், வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் பேசிக், சிபேசிக் எல்லாம் அடக்கம். பின்னால் தரவுத்தள நிரலான டிபேஸ் 2 கூடச் சேர்ந்தது. அந்நாளில் வேர்ட்ஸ்டாரைக் கடையில் தனியாக வாங்கினால் பட்டியல் விலை 495 டாலர். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் மென்பொருளுக்கே கிட்டத்தட்ட கணினியின் விலை ஆகியிருக்கும்.

மென்பொருள் நிறுவனங்களோடு முன்பணம், பங்கு, நகலுக்கு ஒரு சிறு தொகை என்று ஒப்பந்தம் போட்டுத்தான் இது சாத்தியமானது. அதுவரை கணினி வாங்குவது என்றால் பெட்டி ஓரிடம், டிரைவ் ஓரிடம், திரை ஓரிடம், இயக்கமுறை ஓரிடம் என்று அலைந்து, எது எதோடு ஒத்துப்போகும் என்று கடைக்காரரைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வது. ஒரே விலைச்சீட்டு, ஒரே பெட்டி, மின்சாரத்தில் செருகிய அன்றே கடிதம் அடிக்கலாம். இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது ஆஸ்போர்ன். ஏறிய வேகத்துக்கு இதுதான் காரணம். சுமந்து போகலாம் என்பது இரண்டாவது காரணம்தான்.

செட்டப் என்ற நிரலையும் பாராட்ட வேண்டும். பிரிண்டர் எந்தத் துளை, சீரியல் வேகம் 300-ஆ 1200-ஆ, திரை அகலம் எவ்வளவு, அம்புக்குறிகள் எந்தக் குறியீட்டை அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் கேள்வி பதிலாக அமைத்து வட்டிலேயே சேமித்துவிடும். கண்ட்ரோலோடு 0 முதல் 9 வரை எண்களுக்கு வேண்டிய சொற்களைப் பதித்துக்கொள்ளலாம். மற்ற சிபி/எம் கணினிகளில் இதற்கு அசெம்பிளி நிரலைத் திருத்த வேண்டியிருந்தது.

ஆடம் ஆஸ்போர்ன்

நிறுவனர் ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமணாசிரமத்தின் மவுண்டன் பாத் இதழைத் தொடங்கிய அதே ஆர்தர் ஆஸ்போர்ன். போர்க்காலத்தில் தந்தையை ஜப்பானியர்கள் தாய்லாந்தில் சிறைவைத்திருக்க, தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ஆடமின் சிறுவயது அங்கேதான் கழிந்தது, பள்ளி கொடைக்கானலில். பதினோரு வயதில் இங்கிலாந்து போனார். வேதிப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் டெலவர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, ஷெல் நிறுவனத்தில் வேலை பார்த்து, அங்கிருந்து மைக்ரோபிராசசர் பற்றிய நூல்களை எழுதி வெளியிடும் தொழிலுக்கு வந்தார். அந்தப் பதிப்பகத்தை 1979-இல் மெக்ரா-ஹில்லுக்கு விற்றார். கணினித் தொழிலுக்குள் வரும் முன்பே அந்தத் தொழிலை எழுத்தில் கடுமையாக விமர்சித்துப் பெயர் வாங்கியவர்.

"போதுமானது போதும்" என்பதை அவர் தன் கொள்கையாகவே சொல்லிவந்தார். புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே கிடைக்கும் பாகங்களைக் கொண்டு வேலைக்குப் போதுமான கணினியை, மலிவாக, முழுமையாகக் கொடு. இந்தப் பெட்டி அந்த வாக்கியத்தின் உலோக, பிளாஸ்டிக் வடிவம். பிராசசர் போதும், மெமரி போதும், மென்பொருள் தாராளம். 52 எழுத்தும் 90 கிலோபைட்டும் போதுமானதற்கு ஒரு படி கீழே நின்றுவிட்டன. வேறு யாரும் இல்லாத வரை அது தெரியவில்லை.

ஏற்றமும் இறக்கமும்

1981 கோடையில் விற்பனை தொடங்கி, செப்டம்பரிலேயே ஒரு மாதத்தில் 10 லட்சம் டாலரைத் தொட்டார்கள். உச்சத்தில் மாதம் 10,000 பெட்டி. கலிபோர்னியாவின் ஹேவர்டில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கிய நிறுவனம் மூச்சுவிட நேரமில்லாமல் வளர்ந்தது.

1982-இல் கேப்ரோ 2 வந்தது. விலை அதே 1,795 டாலர். அதே இசட்-80, அதே 64 கிலோபைட், அதே சிபி/எம், அதேபோல் கூடவே மென்பொருள். ஆனால் 9 அங்குலத் திரை, 80 எழுத்து, டிரைவ் ஒன்றுக்கு 191 கிலோபைட். உலோகப் பெட்டி, பார்க்க அழகில்லை, எடையும் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதை எடுப்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். மேலே சொன்ன இரண்டு குறைகளும் அதே விலையில் தீர்ந்திருந்தன.

இன்னொரு பக்கம் 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பீசி வந்துவிட்டது. 1982 நவம்பரில் காம்பேக் தன் போர்ட்டபிளை அறிவித்தது. ஐபிஎம் மென்பொருளை அப்படியே ஓட்டும், தூக்கிப்போகவும் செய்யலாம். விலை ஆஸ்போர்னைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் 1983-இல் காம்பேக் 11 கோடி டாலருக்கு மேல் விற்றது. அந்த ஆண்டு ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை நிரல் வந்தபின், அலுவலகத்துக்குக் கணினி வாங்குபவர் கேட்ட முதல் கேள்வி, இது ஐபிஎம் நிரலை ஓட்டுமா என்பதுதான். சிபி/எம் பெட்டிகள் எதனிடமும் அதற்கு நல்ல பதில் இல்லை.

இந்தச் சூழலில்தான் ஆஸ்போர்னின் அடுத்த மாடலான எக்சிக்யூட்டிவ் வருகிறது: 7 அங்குல மஞ்சள் திரை, 80 எழுத்து, 128 கிலோபைட், 2,495 டாலர். 1983 தொடக்கத்தில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். ஐபிஎம்மோடு ஒத்துப்போகும் இன்னொரு மாடலும் பின்னால் வரும் என்றார்கள். கணினிக் கடை வணிகர்கள் ஆஸ்போர்ன் 1 வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், பணவரவு நின்றது, நிறுவனம் சாய்ந்தது. இதுவே "ஆஸ்போர்ன் விளைவு" என்று வணிகப் பாடமாகிவிட்டது.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு விளக்கமாக அது நிற்காது. 700 டாலர் கூடுதலாகக் கொடுத்து எக்சிக்யூட்டிவ் வாங்கக் காத்திருந்தவர்களைவிட, அதே விலைக்குக் கேப்ரோவை அன்றே வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் ஆஸ்போர்ன் 1-இன் விற்பனையை அரித்தார்கள் என்றே படுகிறது. அறிவிப்பு, ஏற்கெனவே பின்வாங்கத் தொடங்கிய வணிகர்களுக்கு ஒரு நல்ல காரணத்தைக் கொடுத்தது.

உள்ளே கணக்கும் சரியாக இல்லை. 1983 ஜனவரியில் வெளியிலிருந்து ராபர்ட் ஜாயனிக்கைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். பங்கு வெளியீட்டுக்கு ஆயத்தம் நடந்தது. கணக்கைத் துருவியபோது லாபம் என்று நினைத்தது நஷ்டமாக மாறியது. பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. கையிருப்பு எவ்வளவு, எந்தப் பாகம் எவ்வளவு மிச்சம், திரும்பிவந்த பெட்டிகளைப் பழுதுபார்க்க எவ்வளவு செலவு என்று தெரியாமல் மாதம் 10,000 பெட்டி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. பழைய ஊழியர்கள் தரப்பில் சொல்லப்படும் ஒரு விவரமும் உண்டு. ஆஸ்போர்ன் 1-இன் மெயின் போர்டுகள் சில கிடங்கில் மிஞ்சியிருந்தனவாம். அவற்றை வீணாக்காமல் முழுக் கணினியாக்கலாம் என்று திரை, டிரைவ், பெட்டி எல்லாம் புதிதாக வாங்கப் போய், போர்டின் மதிப்பைவிடப் பல மடங்கு பணம் அதில் முடங்கியதாம். கையில் ரொக்கம் இல்லாத நிறுவனத்துக்கு அது போதும், கழுத்தில் கல்.

1983 ஜூலையில் ஆஸ்போர்ன் 1-இன் விலையை 1,295 டாலருக்குக் குறைத்தார்கள். செப்டம்பர் 13-ஆம் தேதி திவால் மனு. மீண்டு எழுந்து விக்சன் என்ற நல்ல, சிறிய கணினியையும் கொண்டுவந்தார்கள், ஆனால் சிபி/எம்மின் காலம் முடிந்திருந்தது. ஆடம் ஆஸ்போர்ன் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்று மலிவு விலை மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். லோட்டஸ் தொடுத்த வழக்கு 1990-இல் அவருக்கு எதிராக முடிந்தது. உடல்நலம் குன்றி 1992-இல் இந்தியா திரும்பியவர், 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

இன்று வாங்குவதானால்

வாங்கிவந்த ஆர்வத்தில் பிளக்கைச் செருகாதீர்கள். அமெரிக்காவில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை 120 வோல்ட்டுக்கானவை. பின்புறத் தகட்டைப் படியுங்கள். 120 என்றால் 230-ஐ 120 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். குறைந்தது 200 வாட் தாங்குவதாக இருக்கட்டும்.

அடுத்து பவர் சப்ளை. அந்தக் காலத்து ஸ்விட்ச்சிங் சப்ளைகளில் மின்வரவு ஓரத்தில் மஞ்சள் நிறக் கண்ணாடிபோல் மூடப்பட்ட காகிதக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஈரம் புகுந்து மேலுறை விரிசல் விட்டிருந்தால் சில நிமிடங்களில் வெடித்து வீடு முழுக்கப் புகை நாறும். விரிசல் கண்ணில் படாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அதே மதிப்பு, எக்ஸ்-2 வகை பாலிப்ரொப்பிலீன், 275 வோல்ட் ஏசி என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் பாகக் கடைகளில் சில ரூபாய்க்கே கிடைக்கும். பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் நிற்கும். தொடும் முன் மின்தடை வழியாக இறக்கிவிடுங்கள். படக்குழாயின் உறிஞ்சிக்கோப்பை போன்ற மூடிக்குக் கீழே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் பழைய டிவி மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது மேல்.

சப்ளையை முதலில் போர்டிலிருந்து கழற்றி, போலிச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். 5 வோல்ட் வரியில் 5 ஓம், 10 வாட் மின்தடை. 12 வோல்ட் வரியில் ஒரு சிறிய கார் பல்பு. சுமை இல்லாமல் ஓட்டினால் இவ்வகைச் சப்ளை தொடங்காமல் டிக் டிக் என்று அடிக்கும். அதைப் பழுது என்று எண்ணி வேலை செய்யும் சப்ளையைப் பிரித்தவர்கள் உண்டு. 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவிலும், 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவிலும் இருந்தால் போர்டை இணைக்கலாம். மெமரிச் சிப்புகள் 4116 வகை. இவற்றுக்கு +5, +12 தவிர −5 வோல்ட்டும் வேண்டும். −5 இல்லாமல் +12 மட்டும் போனால் சிப்பு சூடாகிச் சாகும். ஆகவே போர்டை இணைத்த முதல் சில வினாடிகளில் மல்டிமீட்டர் முனை −5-இல் இருக்கட்டும். வரவில்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

திரையில் எதுவும் வரவில்லையா? படக்குழாயைக் குற்றம் சொல்லும் முன் முகப்பில் வெளித்திரைக்கான இணைப்பைப் பாருங்கள். உள்திரையைப் பயன்படுத்தும்போது அதில் ஒரு சிறிய குறுக்கிணைப்புச் செருகி இருக்க வேண்டும். அது தொலைந்துபோயிருந்தால் உள்திரை கருப்பாகவே நிற்கும், மற்றதெல்லாம் சரியாக ஓடினாலும். "திரை போய்விட்டது" என்று மலிவாக விற்கப்படும் பெட்டிகளில் இந்தச் செருகி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதற்கடுத்து வெளிச்சம், கான்ட்ராஸ்ட் குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால், ஏ டிரைவில் வட்டைச் செருகி ரிட்டர்ன் அழுத்து என்ற செய்தி திரையில் வரும். டிரைவை ஓட்டுவதற்கு முன் மேல்மூடியைக் கழற்றித் தலையைப் பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். தலை நகரும் தண்டுகளில் பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கும். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். இவை ஒருபக்க டிரைவ்கள் என்பதால் தலைக்கு எதிரே வட்டை அழுத்தும் ஒரு சிறு கம்பளித் துண்டு இருக்கும். அது உதிர்ந்திருந்தால் எந்த வட்டும் படிக்காது. பெல்ட் தளர்ந்திருந்தால் வேகம் தள்ளாடும். பெரிய சக்கரத்தின் அடியில் கோடு போட்ட வளையம் உள்ள டிரைவ் என்றால், டியூப்லைட் வெளிச்சத்தில் 50 ஹெர்ட்ஸ் கோடுகள் அசையாமல் நிற்கும்வரை வேகத்தைத் திருகுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று சரியாக வரும். நம் ஊரில் உள்வளையமா வெளிவளையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: 60 ஹெர்ட்ஸ் வளையத்தைப் பார்த்துத் திருகினால் வேகம் தப்பும். எல்.ஈ.டி. விளக்கில் இந்தச் சோதனை பல நேரம் நடக்காது.

வட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவில் போடவே வேண்டாம். ஒரு வட்டின் அழுக்கு தலையில் ஒட்டி அடுத்த வட்டையும் சுரண்டிவிடும். புதிய வட்டு தேவையென்றால் 360 கிலோபைட் இரட்டை அடர்த்தி வகை மட்டுமே; 1.2 மெகாபைட் வட்டின் காந்தப் பூச்சு வேறு, அதில் எழுதியது நிற்காது. ஒற்றை அடர்த்தி முறையைப் பிற்காலப் பீசி ஃபிளாப்பிச் சுற்றுகள் பலவற்றால் படிக்கவோ எழுதவோ முடியாது. வட்டுகளை நகலெடுக்க கிரீஸ்வீசல் போன்ற, காந்த மாற்றத்தை நேரடியாகப் பதியும் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக யூ.எஸ்.பி. நினைவகத்தை வைத்து ஓட்டும் கோட்டெக் கருவியைப் பொருத்த நினைப்பவர்கள் டிரைவ் கேபிளை அப்படியே செருகிவிட வேண்டாம். பீசி கேபிளின் வரிசை இதுவும் என்று நம்பாமல், தொழில்நுட்பக் கையேட்டின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முனையிலும் என்ன வோல்ட் வருகிறது என்று அளந்து பாருங்கள்.

இரண்டு தோற்றத்தில் கிடைக்கும்: முதலில் வந்த மணல் நிறப் பெட்டி, 1982-இல் மாற்றிய நீலச்சாம்பல் பெட்டி. அலமாரியில் வைக்க முதலாவது. எழுதிப் பழக இரண்டாவது, அதிலும் இரட்டை அடர்த்தி வசதி சேர்ந்தது. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: குறுக்கிணைப்புச் செருகி இருக்கிறதா, கீபோர்டு கேபிள் மடிப்பில் வெடிக்காமல் இருக்கிறதா, சிபி/எம் வட்டு படிக்கும் நிலையில் கூட வருகிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் டிரைவ் ஓடாவிட்டாலும் வாங்கலாம். வட்டு இல்லை, செருகி இல்லை, "ஓட்டிப் பார்க்கவில்லை" என்றால் பாகங்களுக்கான விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.